ஆயுசு சொன்ன கம்ப்யூட்டர்

நான் எழுதிய முதல் ப்ரோகிராம் பத்தொன்பது வரி. அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துதான் சாப்பிடுகிறேன். வங்கிகளுக்கு எழுதியிருக்கிறேன். பேருந்து டிக்கெட் விற்கும் கம்பெனி ஒன்றுக்கு எழுதியதில் நான் விட்ட ஒரு பிழையால் தீபாவளிக்கு முந்தின நாள் அரை மாநிலம் என்னைத் திட்டியதும் உண்டு. ஆனால் எதுவும் அந்தப் பத்தொன்பது வரியைப் போல என்னைப் பயமுறுத்தியதில்லை.

அடையாறில் இப்போது நான் இருக்கும் வீட்டில் ஒரு சுவர் முழுக்கப் பழைய சாமான்கள்தான். டிவியில் செருகி விளையாடும் கேம் பெட்டி, அதன் மஞ்சள் கார்ட்ரிட்ஜுகள், மூடி உடைந்த வாக்மேன், நூறு போன் நம்பர் கொள்ளும் டிஜிட்டல் டைரி. சேர்ப்பது ஒரு பைத்தியம். அது எனக்குப் பிடித்து வெகு நாளாகிறது. வருகிறவர்கள் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அந்தக் காலத்துப் பெரிய ஃப்ளாப்பி மட்டும் என்னிடம் ஒன்றுகூட இல்லை. யாராவது கேட்டால், கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவேன். அது பொய்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினொரு வயது. மேற்கு மாம்பலத்தில் ஆறு குடித்தனங்கள் இருந்த காம்பவுண்டில் நான்காவது எங்கள் வீடு. அப்பா சைதாப்பேட்டை கோர்ட்டில் குமாஸ்தா. அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். யாருடைய போன் நம்பராவது வேண்டுமென்று விசாரணை எண்ணைச் சுழற்றினால் பேசுகிற குரல்களில் ஒன்று அம்மாவுடையது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, ரயில் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் தி. நகரில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். நான்கு கம்ப்யூட்டர்கள். செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். தூசி ஆகாது, ஈரம் ஆகாது, சாப்பாட்டு வாசனை ஆகாது. சுருக்கமாகச் சொன்னால் அந்த இயந்திரங்களுக்கு மனிதர்களே ஆகாது. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் ஏசி இருந்த ஒரே இடம் அதுதான். கோடை விடுமுறையில் வேலைக்குப் போகும் வழியில் அப்பா என்னை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்.

மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை வகுப்பு கிடையாது. மூலையில் பச்சை எழுத்துத் திரை இருந்த கம்ப்யூட்டர் அந்த இரண்டு மணி நேரமும் எனக்கு. பேசிக் என்ற கணினி மொழியைப் புத்தகத்தைப் பார்த்து நானே தட்டித் தட்டிப் பழகினேன். முதலில் என் பெயரை நூறு தடவை எழுத வைத்தேன். பிறகு வாய்ப்பாடு சொல்ல வைத்தேன். அதுவும் அலுத்தபோதுதான் இந்த ஆயுசு ப்ரோகிராம் தோன்றியது. பெயரைக் கேட்கும். பெயரைக் கொடுத்ததும் யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அதற்காக ஒன்றிலிருந்து ஐயாயிரம் வரை உள்ளுக்குள் எண்ணச் சொல்லியிருந்தேன். பிறகு, முப்பதுக்கும் நூறுக்கும் நடுவில் ஏதாவது ஓர் எண்ணை எடுத்து, இவர் இத்தனை வயது வரை இருப்பார் என்று சொல்லும். ஏதாவது ஓர் எண்ணைக் கொடு என்று கேட்பதற்குத் தனியே ஒரு கட்டளை உண்டு. ஆக, பதில் தற்செயலானது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். எழுதியவளே நான்தானே.

ஓட்டினேன். முதலில் அம்மாவின் பெயர். எண்ணி முடித்தது. முப்பத்தெட்டு.

அப்பாவுக்கு எழுபத்தைந்து. எனக்குத் தொண்ணூறு. சித்தப்பாவுக்கு எண்பத்தொன்று.

அம்மாவுக்குக் குறைவாகச் சொல்கிறதே என்று, நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். அம்மா, முப்பத்தெட்டு. அப்பா, எழுபத்தைந்து. நான், தொண்ணூறு. மூன்றாவது தடவையும் அதேதான். கம்ப்யூட்டரையே அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் போட்டுப் பார்த்தேன். யோசித்தது. முப்பத்தெட்டு.

 தற்செயலாகச் சொல் என்று நான் சொல்லியிருக்க, அது ஏன் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது? அதற்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து அம்மாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்தேன். பிறந்த தேதியை வைத்து விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். அந்த மாதக் கடைசியில் அம்மாவுக்கு முப்பத்தெட்டு தொடங்குகிறது.

அன்றிலிருந்து எனக்கு வேலை ஒன்றுதான், அம்மாவைக் கண்காணிப்பது. அம்மா குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஸ்டவ் பற்ற வைத்தால் பக்கத்தில் போய் நிற்பேன். மதியத்தில் தூங்கினால் புடவைத் தலைப்பு மேலும் கீழும் போகிறதா என்று பார்ப்பேன்.

"ஏண்டி என்னையே மொறச்சுப் பாத்துட்டு இருக்க? மூஞ்சில ஏதாவது ஒட்டியிருக்கா?" என்பாள் அம்மா.

வேலைக்குப் போன பிறகு கண்காணிக்க ஒரே வழி போன்தான். சென்டரில் சித்தப்பா சாப்பிடப் போகும் நேரம் பார்த்து விசாரணை எண்ணைச் சுழற்றுவேன். எந்த ஆபரேட்டரிடம் மாட்டும் என்று சொல்ல முடியாது. வேறு குரல் வந்தால் வைத்துவிட்டு மறுபடி சுழற்றுவேன். ஆறாவது ஏழாவது தடவையில் அம்மாவின் குரல் வரும். வீட்டில் பேசாத ஒரு மெருகோடு, "வணக்கம், எந்த நம்பர் வேணும்?" என்று கேட்கும். உயிரோடு இருக்கிறாள். சத்தமில்லாமல் வைத்துவிடுவேன். ஒருநாள் பத்துத் தடவை முயன்றும் அம்மா வரவில்லை. பதினோராவது தடவை எடுத்த ஆபரேட்டர், "யாரும்மா வேணும் உனக்கு? பேசேன்" என்றதும் அடக்க முடியாமல், "அம்மா" என்று சொல்லி, அவள் பெயரையும் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "உங்கம்மா இன்னிக்கி டூட்டிக்கு வரலயேம்மா, லீவு போட்டிருக்காங்க" என்றார்.

காலையில் அம்மா வேலைக்குப் போகிறேன் என்றுதான் கிளம்பியிருந்தாள். பிறகு எங்கே போனாள்?

அன்று சாயங்காலம் சமையலறையில் அப்பாவும் அம்மாவும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தினால் என் காது கூர்மையாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

"பயப்பட ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னாங்க டாக்டரம்மா?"

"சொன்னாங்க. ஆனா கட்டிய எடுத்துப் பாத்தாத்தான் எதையும் சொல்ல முடியும்னும் சொன்னாங்க. அடுத்த மாசமே ஆபரேஷன் வச்சுக்கலாமாம்."

"கொழந்தகிட்ட சொல்ல வேணாம்."

"சொல்லல. அது ஏற்கெனவே ஒரு மாதிரியா இருக்கு."

நான் கூடத்தில் படம் வரைவதுபோல் உட்கார்ந்திருந்தேன். பென்சில் முனை உடைந்தது நினைவிருக்கிறது. அடுத்த மாதம் என்றால் அம்மாவுக்கு முப்பத்தெட்டு ஆகியிருக்கும்.

ஜூன் பிறக்கும்முன் யூனிஃபார்ம் வாங்க அம்மா என்னைத் தி. நகருக்கு அழைத்துப் போனாள். எங்கள் பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறமாட்டார்கள். தண்டவாளத்தில் இறங்கிக் குறுக்கே நடந்துவிடுவார்கள். அம்மாவும் அப்படித்தான். அன்றைக்கும் இடமும் வலமும் பார்த்துவிட்டுப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து இறங்கப் போனாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னடி இது? எழுந்திரு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாலத்துல போலாம். பாலத்துலதான் போவணும்."

"வண்டி எதுவும் வரலடி."

வரவில்லைதான். ஆனாலும் நான் கத்தினேன். பதினொரு வயதுப் பெண் மூன்று வயதுக் குழந்தையைப் போலப் புழுதியில் உட்கார்ந்து கத்தினால் கூட்டம் சேராதா? சுவரோரம் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா எழுந்து வந்தார்.

"இன்னாமா, கொயந்தய அட்ச்சியா? இப்டி அழுதுகினு கீது?"

"நான் தொடவே இல்லம்மா. பாலம் ஏறணுமாம்."

"அதுக்கின்னா, ஏறித்தான் போயேன். பத்து படி ஏறினா கால் தேஞ்சிருமா? எத்தயோ பாத்து பயந்துகீது. போ, போ."

அம்மா என் கையைப் பிடித்துத் தூக்கினாள். பாலத்தின் உச்சியில் மூச்சு வாங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் கம்பியில் சாய்ந்தாள். நான் ஏற வைத்ததால்தான் வலிக்கிறது என்று புரிந்தபோது எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. எந்தப் பக்கம் இழுத்தாலும் அம்மா செத்துவிடுவாள் போலிருந்தது.

சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஆபரேஷனைப் பற்றி அல்ல. கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட லூசு, மெஷினுக்கு ஒண்ணும் தெரியாது. அதுகிட்ட நம்பர் பட்டியல் ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு தடவ ஆரம்பிக்கறப்பவும் அத மேலேருந்து படிக்கும். நீ எப்பவும் அம்மா பேரத்தானே மொதல்ல போடற? அம்மாக்கு மொத நம்பர் வருது. இப்ப என் பேர மொதல்ல போடறேன் பாரு."

போட்டார். எண்ணி முடித்தது. அவருக்கு முப்பத்தெட்டு.

"பாத்தியா?" என்று வெற்றியோடு திரும்பினார். நான் ஓவென்று அழுதேன். சித்தப்பாவுக்கு அப்போது இருபத்தொன்பது. இன்னும் ஒன்பதே வருடம்.

தலையில் கை வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து எண்ணைப் பொறுக்கும்படி ஒரு வரியை அதில் சேர்த்தார். அதற்குப் பிறகு அம்மாவின் பெயருக்கு ஒரு தடவை அறுபத்து நான்கு வந்தது, அடுத்த தடவை நாற்பத்தொன்று, அப்புறம் தொண்ணூற்றேழு. "இப்ப திருப்தியா?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் அந்தப் பக்கம் போனதும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. முன்பு அது ஒரே பதிலைச் சொன்னது, ஏனென்றால் அது உண்மை. இப்போது மாற்றி மாற்றிச் சொல்கிறது, ஏனென்றால் சித்தப்பா அதற்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டார்.

பள்ளிக்கூடம் திறக்கும்முன்பே அம்மாவின் பிறந்தநாள் பாயசத்தோடு கழிந்தது.  மறுநாள் தெருக்கோடிப் பிள்ளையாரிடம் போனேன். என்னிடம் இருந்த ஒரே சொத்து மல்யுத்த வீரர்களின் ட்ரம்ப் கார்டுகள். முப்பத்திரண்டு அட்டைகள், உயரம், எடை, மார்பளவு எல்லாம் போட்டிருக்கும். அவற்றில் முதல் ரேங்க் அட்டைக்காக ஒரு வருடம் அலைந்திருக்கிறேன். உண்டியலின் வாய் சின்னது. ஒவ்வொன்றாக வளைத்து உள்ளே தள்ளினேன். முதல் ரேங்க் அட்டையைக் கடைசியாகப் போட்டேன். சாமி கணக்கில் அது கூடுதலாக மதிக்கப்படும் என்று நம்பினேன். உண்டியலைத் திறந்து எண்ணியவர்கள் என்ன நினைத்தார்களோ.

பிள்ளையார் பதில் சொல்லவில்லை. கம்ப்யூட்டர்தான் பதில் சொல்கிறது. ஆகவே அங்கேதான் போக வேண்டும். அடுத்த சனிக்கிழமை சென்டரில் சித்தப்பா சேர்த்த வரியை நீக்கினேன். என்னுடையதாக ஒரு வரி எழுதினேன்: பெயர் அம்மாவுடையதாக இருந்தால் தொண்ணூறு என்று சொல். அது எனக்கு வந்த எண். ஆனால் ஒன்றைக் கொடுத்துவிட்டால் இன்னொன்று எங்கே போகும்? அந்த முப்பத்தெட்டு யார் மேலாவது இறங்கித்தானே ஆக வேண்டும்? அப்பாவுக்குக் கொடுக்க முடியாது, அவர் நாற்பதைத் தாண்டிவிட்டார். சித்தப்பாவுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. எனக்குப் பதினொன்றுதான். முப்பத்தெட்டு என்பது மிகத் தூரத்தில், ரயில் கண்ணுக்கே தெரியாத தண்டவாளக் கோடி போல இருந்தது. கீழே இன்னொரு வரி எழுதினேன்: பெயர் என்னுடையதாக இருந்தால் முப்பத்தெட்டு. சேமித்து, ஃப்ளாப்பியிலும் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். அன்றிரவுதான் பல நாளுக்குப் பிறகு ஒழுங்காகத் தூங்கினேன்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருந்தபோது அம்மா சென்டருக்கு வந்தாள். அதற்கு முன் அவள் மாடி ஏறியதே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏதோ ஆயுசு சொல்லுதாமே உன் மெஷின். எனக்குச் சொல்லச் சொல்லு பாப்போம்."

சித்தப்பா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், அந்த முப்பத்தெட்டையும் சேர்த்து. அவர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் பெயரைத் தட்டினேன். யோசித்தது. தொண்ணூறு.

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "அடேயப்பா, தொண்ணூறா! நீ கெழவியானப்புறமும் உன்ன வெரட்டிட்டுத்தான் இருப்பேன் போல." என் தலையைக் கலைத்துவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவை ஏமாற்றிவிட்டேன், அம்மாவுக்குப் பயம் போய்விட்டது.

"சரி, இப்ப உன் பேரு."

"எனக்கு வேணாம்மா."

"ஏன் வேணாம்? தள்ளு."

நாள் முழுக்க நம்பர் சுழற்றிப் பழகிய விரல் அது. ஆள்காட்டி விரலாலேயே ஒவ்வோர் எழுத்தாகத் தேடி என் பெயரை அடித்தாள். நான் குறுக்கே கை நீட்டுவதற்குள் பெரிய பொத்தானையும் அழுத்திவிட்டாள். ஐயாயிரம் வரை எண்ண அது எடுத்துக்கொண்ட நேரம் அன்றைக்குப் போல என்றைக்கும் நீண்டதில்லை.

முப்பத்தெட்டு.

அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். "இது எப்படி உனக்கு வந்துது?" என்று மெல்லக் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அழி."

"அம்மா..."

"இப்பவே, என் கண்ணு முன்னாடி அழி."

"அழிச்சா அது திரும்ப உங்கிட்ட வந்துடும்மா."

"வரட்டும். என்கிட்ட வர்றத நான் பாத்துக்கறேன். நீ அழி."

அந்த மொழியில் ஒரு கோப்பை அழிக்க 'கில்' என்று அடிக்க வேண்டும். கொல் என்று அர்த்தம். கூடவே கோப்பின் பெயர். நான் வைத்திருந்த பெயர் 'ஆயுசு.' ஆயுசைக் கொல் என்று என் கையால் அடிக்க எனக்குத் துணிவு வரவில்லை.  "என்ன அடிக்கணும், சொல்லு" என்றாள் அம்மா. சொன்னேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியும். கேட்டதும் ஒரு கணம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு தானே ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். திரையில் எதுவும் வெடிக்கவில்லை. பச்சைக் கோடு மட்டும் அடுத்த வரியில் போய்த் துடித்தது. ஃப்ளாப்பியை நானே எடுத்துக் கொடுத்தேன். சித்தப்பா அதை வாங்கி, அதிலிருந்த பிரதியையும் அழித்துவிட்டார்.

திரும்பும்போது மேம்பாலத்தில்தான் போனோம்.  என் மணிக்கட்டை அம்மா பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

அடையாறில், ஆற்றைப் பார்த்த ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஆபரேஷன். என்னை அழைத்துப் போக வேண்டாம் என்று அப்பா சொன்னார். அம்மாதான், வரட்டும் என்றாள். பச்சை உடுப்பும் இரட்டைப் பின்னலுமாக அவள் யாரோ பள்ளிக்கூடப் பெண் போலப் படுத்திருந்தாள். தள்ளுவண்டியை உள்ளே கொண்டுபோகும்முன் என்னைக் கிட்டே வரச் சொல்லி, என் காதில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அது அழிஞ்சது அழிஞ்சதுதானே? வேற எங்கயும் எழுதி வைக்கலியே?"

"இல்லம்மா. எங்கயுமே இல்ல."

"நிஜமா?"

"சத்தியமா."

கண்ணை மூடிக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது. வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் அப்பா ஒரே செய்தித்தாளை இரண்டு மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. கதவு திறந்து டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "நல்லபடியா முடிஞ்சுது, கெட்ட கட்டி மாதிரி தெரியல" என்றபோது, அப்பா அந்தச் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு வாரத்தில் வந்த ரிப்போர்ட்டும் அதையே சொன்னது. மழைக்காலத்துக்குள் அம்மா வேலைக்குப் போகத் தொடங்கினாள். முப்பத்தெட்டு முடிந்தது, முப்பத்தொன்பதும் வந்தது.

நெடுநாள் வரை நான் அந்தக் கேள்வியைப் பெருமையோடுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தைரியமாக அழித்த அம்மாவும் கடைசி நிமிடத்தில் சாவுக்குப் பயந்தாள், நான்தான் சத்தியம் செய்து தைரியம் கொடுத்து உள்ளே அனுப்பினேன் என்று. அன்று திரையில் அம்மாவுக்கு வந்தது தொண்ணூறு, எனக்குத்தான் முப்பத்தெட்டு. தொண்ணூறு வந்தவள் எதற்காக அது அழிந்ததா என்று கேட்க வேண்டும் என்ற சின்னக் கணக்கு, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தோன்றவே இல்லை.